மாஸ்டர், ஒரு வித்தவுட்!

'வித்தவுட்' என்பது பாதிச் சொல். எது இல்லாமல் என்று சொல்லி முடிக்காதவரை அதற்குப் பொருள் நிறைவதில்லை. ஆங்கிலம் கற்பித்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். திருவொற்றியூரில் அந்தக் குறையை யாரும் பொருட்படுத்துவதில்லை. ரயிலில் சொன்னால் டிக்கெட் இல்லை. டீக்கடையில் சொன்னால் சர்க்கரை இல்லை. அதற்குமேல் விளக்கம் கேட்பவர் வெளியூர்க்காரராக இருப்பார்.

இந்த இரண்டு வித்தவுட்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டவர் பொன்னுரங்கம்.

கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயில்களில் முப்பத்தோரு ஆண்டுகள் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கொருக்குப்பேட்டையிலிருந்து மீஞ்சூர் வரைக்கும் அவரை அறியாத மீன் கூடை கிடையாது. தொழிலில் அவர் மூன்று விதிகளைக் கடைப்பிடித்தார். அவற்றை ஒவ்வொரு நாளும் சாப்பாட்டின்போது மனைவி செங்கொடிக்கு எடுத்துரைத்தார்.

முதல் விதி, முகத்தைப் பார். "டிக்கெட் வெச்சிருக்கிறவன் செக்கரைப் பாத்ததும் பதறுவான் செங்கொடி. பாக்கெட்டத் தடவுவான். காணோமேன்னு முழிப்பான். வித்தவுட்ல வர்றவன் மூஞ்சி இருக்குதே, அது அப்படியே ஞானி மாதிரி சாந்தமா இருக்கும். ஜன்னலுக்கு வெளியே பாத்துகினு வருவான்."

இரண்டாம் விதி, துரத்தாதே. "ஓடுற வண்டியில துரத்துனா அந்தப் பெட்டிக்கும் இந்தப் பெட்டிக்கும் தாவி டபாய்ச்சிடுவான். எறங்கற எடத்துல போயி நில்லு. அவனே உன் கைக்கு வருவான்."

மூன்றாம் விதி ரயில்வேயின் விதி. எங்கே ஏறினாய் என்று கேட்டுப் பதில் சொல்லத் தெரியாதவனுக்கு, வண்டி புறப்பட்ட இடத்திலிருந்து கணக்கிட்டு அபராதம்.

செங்கொடி இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டே ரசம் ஊற்றுவார். மில் தொழிற்சங்கத்தில் கொடி பிடித்த தகப்பனார் வைத்த பெயர் அது. பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் இருபத்தாறு ஆண்டுகள் அமைப்பாளராக இருந்தவர். இருநூறு பிள்ளைகளுக்கு உப்பு எத்தனை கரண்டி, பருப்பு எத்தனை படி என்று கண்ணாலேயே அளந்தவர். அதிகம் பேசமாட்டார். ஆகவே அவர் அதிகம் கேட்டுக்கொள்வதும் இல்லை என்று பொன்னுரங்கம் முடிவு செய்திருந்தார். அவர் செய்த பிழைகளில் முதன்மையானது அதுதான்.

ஜனவரி மாதம், டோல்கேட் பக்கத்து மருத்துவமனையில் டாக்டரம்மா பொன்னுரங்கத்தின் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். பிறகு பொன்னுரங்கத்தைப் பார்த்தார். பிறகு மறுபடியும் தாளைப் பார்த்தார்.

"ஒன்பதரைக்கு மேல இருக்கு. ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிக்கிறீங்க?"

"ரெண்டு," என்றார் பொன்னுரங்கம்.

"ஆறு," என்றார் செங்கொடி.

டாக்டரம்மா எட்டு என்று எழுதிக்கொண்டார். அனுபவம் உள்ளவர்.

"மாத்திரை எழுதித் தர்றேன். சர்க்கரையை நிறுத்துங்க. மூணு மாசம் கழிச்சு மறுபடியும் இதே டெஸ்ட். குறைஞ்சா சரி. குறையலைன்னா இன்சுலின் ஊசிதான். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. நீங்களே வயித்துல குத்திக்கலாம்."

பொன்னுரங்கத்தின் காதில் கடைசி வாக்கியம் மட்டும் ரயில் ஊதல்போல நீண்டு ஒலித்தது. பேசின் பிரிட்ஜ் நடைமேடையில் கத்தியோடு எதிர்த்து நின்றவனைக் கையைப் பிடித்து உட்கார வைத்தவர் அவர். ஆனால் ஊசி என்றால் உயிர் போய்விடும். இப்போது ரத்தம் எடுத்தபோதுகூடக் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். என்ன பரிசோதனை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பின்னால் அதற்காக வருந்தினார்.

வீடு திரும்பியதும் செங்கொடி சட்டம் இயற்றினார்.

"காலையிலே காப்பி நான் போட்டுத் தருவேன். என்ன தர்றேனோ அதக் குடிக்கணும். கடைக்குப் போவேன்னு அடம் புடிச்சா போ. ஆறு இல்ல, நாலு. நாலும் வித்தவுட்டு."

"சரிமே."

"சத்தமா கேக்கணும். பால்கனியில எனக்குக் காதுல வுழணும்."

"எனக்கு அவ்ளோதான் மரியாதையா?"

"மரியாதையாத்தான் சொல்றேன். மரியாதை இல்லாம சொன்னா வேற மாதிரி இருக்கும்."

அவர்கள் வீடு ஸ்டேஷன் சாலையில் இரண்டாவது மாடி. நேர் எதிரே இசக்கிப்பாண்டியின் டீக்கடை. பால்கனியில் நின்றால் பாய்லருக்கு மேலே எழும் ஆவிகூடத் தெரியும். சொந்த வீடு வாங்கியபோது இந்த வசதியைப் பொன்னுரங்கமே வாய் ஓயாமல் புகழ்ந்தார். வசதி இரண்டு பக்கமும் பார்க்கும் என்பதை அப்போது யோசிக்கவில்லை.

அந்தக் கடைப் பெஞ்சின் அருமையைச் சிறிது சொல்லவேண்டும். அங்கே இரண்டு பேர் ஒரே மாதிரி டீ குடித்ததாக வரலாறு இல்லை. எண்ணூர் அனல்மின் நிலையத்து வெல்டருக்கு ஆற்றக்கூடாது. கொதிக்கக் கொதிக்க வேண்டும். லாரி டிரைவருக்கு ஆடை மிதக்க வேண்டும். பூக்கார அம்மாவுக்கு ஆடையைக் கண்டால் ஆகாது. வடிகட்டியதையே மறுபடி வடிகட்டித் தரவேண்டும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற நசீருக்குப் பால் குறைவாக, டிகாஷன் தூக்கலாக, அதில் முக்குவதற்குத் தேங்காய் பன் தனியாக. பொன்னுரங்கத்துக்கோ ஸ்ட்ராங்காக, சர்க்கரை கிளாஸின் அடியில் கரையாமல் ஒரு விரல் நிற்கவேண்டும். குடித்து முடித்தபின் அதைச் சுரண்டித் தின்பது தனிக் கச்சேரி.

இவை அத்தனையையும் இசக்கிப்பாண்டி எழுதி வைத்துக்கொள்ளாமலே நினைவில் வைத்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இருபது ஆண்டுகள் ஆகியும் அவருடைய பேச்சும் அப்படியே இருந்தது, கைமணமும் அப்படியே இருந்தது.

மறுநாள் காலை, பால்கனி காலியாக இருந்த நேரம் பார்த்து, பொன்னுரங்கம் பாய்லர் பக்கமாக ஒதுங்கினார்.

"பாண்டி, இன்னிலேர்ந்து நான் வித்தவுட்டுன்னு சத்தமா சொல்வேன்."

"ரொம்ப நல்லது அண்ணாச்சி. ஒடம்பு முக்கியம்லா."

"அட, முழுசா கேளுய்யா. நான் வித்தவுட்டுன்னு சொன்னா, நீ ரெண்டு ஸ்பூன் போடணும்."

இசக்கிப்பாண்டி ஆற்றுவதை நிறுத்தினார். "அப்ப நெசமாவே வித்தவுட் வேணுமின்னா என்னன்னு கேப்பிய?"

"அந்த நாளு வராது."

"வந்துச்சுன்னா?"

"வந்தா நான் உசுரோட இல்லேன்னு அர்த்தம்."

"மத்தவுக வித்தவுட் கேட்டா?"

"அவங்களுக்கு வித்தவுட்டே குடு. நான் கேட்டா மட்டும் வித்தவுட்டுன்னா வித்து."

பெஞ்சில் உட்கார்ந்து பன்னை முக்கிக்கொண்டிருந்த நசீருக்குக் காது கூர்மை.

"இன்னா மாமு, டிக்கெட்டக் கையில வெச்சிகினு வித்தவுட்ல வந்தேன்னு சொல்றே. உன்ன மாதிரி ஒருத்தனை நீ உன் சர்வீஸ்ல புடிச்சிருக்கியா?"

"வாய மூடிகினு பன்னைத் தின்னு."

அப்போது மாடியில் துணி உதறும் சத்தம் கேட்டது. பொன்னுரங்கம் நெஞ்சை நிமிர்த்தினார். நடைமேடையில் அறிவிப்புச் செய்பவரைப்போல முழங்கினார்.

"மாஸ்டர், ஒரு வித்தவுட்!"

முதல் வாய் இறங்கியதும் அவருக்குக் கண் கலங்கியது. இனிப்புக்காக மட்டும் அல்ல. இந்த வயதில், இந்த வீட்டுக்கு எதிரிலேயே, ஒரு திட்டம் பலித்ததே என்பதற்காக.

மூன்றாம் நாள் கிளாஸை வாயில் வைத்தபடி நிமிர்ந்தவர், செங்கொடி பால்கனிக் கம்பியில் கையை ஊன்றிக்கொண்டு தம்மையே பார்ப்பதைக் கண்டார். பொன்னுரங்கம் அசரவில்லை. பதறுகிறவன் அல்லவா மாட்டிக்கொள்வான்? பார்வையைச் சாலைப் பக்கம் திருப்பினார். எண்ணூருக்குப் போகும் கண்டெய்னர் லாரி ஒன்று நெரிசலில் நின்றுகொண்டிருந்தது. அந்த லாரியை வெகு சாந்தமாகப் பார்த்துக்கொண்டே கிளாஸைக் காலி செய்தார்.

செங்கொடி துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த வாரம் டீயில் புதிதாக ஒரு வாசனை வந்தது.

"இன்னா பாண்டி, ஏலக்காயா?"

"ஆமா அண்ணாச்சி. வேண்டியவுக ஒருத்தர் வாங்கிக் குடுத்தாவ. ஒங்களுக்கு மட்டும் தட்டிப் போட்டேன்."

"ஷோக்கா கீதுய்யா! இப்பத்தான் உன் கை டீக்குன்னே வளைஞ்சிருக்கு."

இசக்கிப்பாண்டி தலையைக் குனிந்துகொண்டார். அதை அடக்கம் என்று பொன்னுரங்கம் எடுத்துக்கொண்டார்.

வாரங்கள் ஓடின. டீ நாளுக்கு நாள் சிறப்படைந்தது. கிளாஸின் அடியில் சர்க்கரை நிற்பதில்லை என்பதை ஒரு நாள் கவனித்தார். இசக்கிப்பாண்டி நன்றாகக் கலக்கக் கற்றுக்கொண்டதாக மகிழ்ந்தார். கலக்கும் சத்தம் பால்கனி வரைக்கும் கேட்டது. தைரியசாலி என்று பாராட்டினார்.

கடையில் அப்படி என்றால் வீட்டில் நேர்மாறு. காலை ஐந்தரைக்கு செங்கொடி தரும் ஃபில்டர் காப்பி அவருக்கு நாள்தோறும் ஒரு வழக்கு.

"இன்னாமே இது, காப்பியா கஷாயமா?"

"காப்பிதான்."

"சக்கரை எங்கே?"

"டாக்டரம்மா கிட்ட கேளு."

"கசக்குது செங்கொடி. வேப்பம்பட்டைய ஊற வெச்ச மாதிரி கீது."

"நல்லது. பல்லுக்கும் ஆச்சு."

"நீ சிரிக்கிறே. என் நாக்கப் பத்தி உனக்குத் தெர்ல. மூஞ்சியப் பாத்து டிக்கெட்ட சொன்னவன் நான். நாக்குல வெச்சா சக்கரைய சொல்லிடுவேன். ஒரே ஒரு சிட்டிகை இருந்தாலும் இந்த நாக்கு காட்டிக் குடுத்திடும். இதுல அந்த ஒரு சிட்டிகைகூட இல்ல!"

"அப்டியா?" என்றார் செங்கொடி.

முப்பத்தைந்து ஆண்டு இல்லறத்தில் அந்த 'அப்டியா'வைப் பொன்னுரங்கம் பலமுறை கேட்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் அதன்பின் ஏதாவது நடந்திருக்கிறது. ஆனாலும் பாடம் படிக்கவில்லை. குடித்த டம்ளரை ஓசையோடு வைத்துவிட்டு, ஆறுதல் தேடி எதிர்க் கடைக்கு நடந்தார்.

மார்ச் மாதக் கடைசியில் ஒரு காலை, நசீர் பேச்சு மும்முரத்தில் கிளாஸை மாற்றி எடுத்துவிட்டார். ஒரு வாய் உறிஞ்சினார். முகம் சுருங்கிப் புளி தின்றதுபோல் ஆயிற்று.

"இன்னா மாமு இது!"

"அது என்னுது. குடு இப்படி," என்று பிடுங்கிக்கொண்ட பொன்னுரங்கம், குரலைத் தாழ்த்தி, "இந்தத் தித்திப்பு உனக்குத் தாங்காது நைனா. இதுக்குன்னு ஒரு நாக்கு வேணும்," என்றார்.

நசீர் இசக்கிப்பாண்டியைப் பார்த்தார். இசக்கிப்பாண்டி மேலே பால்கனியைப் பார்த்தார். நசீரும் மேலே பார்த்தார். பின்பு பன்னை எடுத்து வாயை அடைத்துக்கொண்டார். அந்தப் பன்னை மென்று முடிக்க வழக்கத்தைவிட நேரமாயிற்று, தோள்கள் குலுங்கின. பன் தொண்டையில் சிக்கிவிட்டது என்று நினைத்துப் பொன்னுரங்கம் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

மூன்று மாதம் முடிந்தது. ஊசியின் நிழல் படுக்கையறை வரைக்கும் நீண்டது. இதற்கும் பொன்னுரங்கத்திடம் திட்டம் இருந்தது. பரிசோதனைக்கு முன் இரண்டு நாள் சோற்றைத் தொடவில்லை. டீக்கடைப் பக்கம் திரும்பவில்லை. வெள்ளரிக்காயும் அருகம்புல் சாறுமாக வாழ்ந்தார். காலையும் மாலையும் கடற்கரைவரைக்கும் வேர்க்க வேர்க்க நடந்தார். மூன்றாம் நாள் காலை கண்கள் குழிவிழுந்து, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு பரிசோதனைக் கூடத்துக்குள் நுழைந்தார்.

ரத்தம் எடுக்கும் பெண்மணி அவரைப் பார்த்துப் பயந்துவிட்டார். "என்ன சார், உடம்பு சரியில்லையா?"

"ரெண்டு நாளா பட்டினிம்மா. டெஸ்டுக்கு சுத்தமா வந்திருக்கேன்."

"எதுக்கு சார் பட்டினி? இது மூணு மாச டெஸ்ட். நீங்க இப்ப பிரியாணி சாப்பிட்டு வந்திருந்தாலும் ஒண்ணும் மாறாது. மூணு மாசமா ரத்தத்துல சர்க்கரை எப்படி இருந்துச்சுன்னு மொத்தமா காட்டிடும்."

பொன்னுரங்கம் நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ஊசி இன்னும் பையிலேயே இருந்தது.

"மூணு மாசமுமா?"

"மூணு மாசமும் சார்."

அன்றாட டிக்கெட் என்று எண்ணி வந்தவருக்கு, கேட்கப்படுவது சீசன் டிக்கெட் என்று அப்போதுதான் புரிந்தது. நாளைக்கு நாலு கிளாஸ், கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன், மூன்று மாதம். மனம் பெருக்கிப் பார்க்கத் தொடங்கியது. பாதியிலேயே அஞ்சி நிறுத்திக்கொண்டது.

"இன்னாய்யா, மூஞ்சி பேஜாரா கீது?" என்று அக்கறையோடு கேட்டார் செங்கொடி. "மூணு மாசமும் வித்தவுட்தானே குடிச்சே. உனக்கு இன்னா பயம்?"

"ஒண்ணுமில்லமே. பசி."

அன்றும் மறுநாளும் அவர் உறங்கவில்லை. வயிற்றைத் தடவித் தடவி, எந்த இடத்தில் குத்தினால் வலி குறைவாக இருக்கும் என்று ஆராய்ந்தார். அப்படி ஓர் இடம் அந்த வயிற்றில் இல்லை. செங்கொடியிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நாலு முறை வாயைத் திறந்தார். நாலு முறையும் கொட்டாவி விட்டு மூடினார்.

அதற்கடுத்த நாள் டாக்டரம்மா தாளைப் பிரித்தார். பொன்னுரங்கம் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றினார்.

"அடடே! ஆறு புள்ளி எட்டு! ரொம்ப நல்லா குறைஞ்சிருக்கே. ஊசியெல்லாம் வேண்டாம். இப்படியே தொடருங்க. என்ன செஞ்சீங்களோ, அதையே செய்யுங்க."

திரும்பி வந்த ஷேர் ஆட்டோவில் பொன்னுரங்கம் சிந்தித்தார். டோல்கேட்டில் ஏறும்போது வியப்பாக இருந்தது. தேரடியைத் தாண்டும்போது அது ஐயமாக மாறியது. ஸ்டேஷன் சாலையில் இறங்கும்போது பெருமிதமாக முற்றிவிட்டது. இவ்வளவு சர்க்கரையையும் விழுங்கி இவ்வளவு குறைந்திருக்கிறது என்றால், குறை மருத்துவத்தில் இருக்கவேண்டும். தம்மிடம் இருக்க வாய்ப்பில்லை.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார். குற்றவாளியாகச் சொல்வதற்குத்தான் அச்சம் வேண்டும். இவர் வெற்றி பெற்றவராகச் சொல்லப்போகிறார்.

"செங்கொடி, இப்படி வந்து உக்காரு. ஒரு விஷயம் சொல்லணும்."

செங்கொடி பால்கனி நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். "சொல்லுய்யா."

"மூணு மாசமா நான் வித்தவுட் குடிக்கல."

"அய்யய்யோ."

அந்த 'அய்யய்யோ'வில் அதிர்ச்சி போதவில்லை. வெற்றிக் களிப்பில் பொன்னுரங்கம் அதைக் கவனிக்கவில்லை.

"வித்தவுட்டுன்றது கோடு. நான் வித்தவுட்டுன்னா பாண்டி ரெண்டு ஸ்பூன் போடுவான். டெய்லி நாலு டீ, எட்டு ஸ்பூன்! உன் கண்ணு முன்னாடி! இருந்தும் சுகர் எறங்கிக் கீது. ஏன் தெரியுமா?"

"ஏன்?"

"சக்கரை தின்னா சுகர் ஏறும்ன்றதே டுபாக்கூர். மத்தவனுக்கு ஏறும். என் ஒடம்பு வேற. அதனால நாளையிலேர்ந்து வூட்டு காப்பியிலயும் ரெண்டு ஸ்பூன் போட்டுடு. டாக்டரம்மாவே சொல்ட்டாங்க, செஞ்சதையே செய்யின்னு."

"நீ சொல்றத நான் எப்படி நம்புறது? சாட்சி கீதா?"

"சாட்சியா?" பொன்னுரங்கம் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே குனிந்தார். "ஏ பாண்டி!"

கடையே நிமிர்ந்தது. வெல்டர், லாரி டிரைவர், பூக்கார அம்மா, பன்னும் கையுமாக நசீர், எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"பயப்படாம சொல்லுப்பா! நான் வித்தவுட் கேட்டா எத்தினி ஸ்பூன் போட்டே?"

இசக்கிப்பாண்டி பொன்னுரங்கத்தைப் பார்க்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார்.

"சொல்லிரட்டுமா யக்கா?"

"சொல்லு பாண்டி," என்றார் செங்கொடி. "எறங்கற எடம் வந்திடுச்சு."

பொன்னுரங்கத்துக்கு எங்கேயோ ஒரு சங்கிலி இழுபட்டதுபோல் இருந்தது.

"மொத வாரம் ரெண்டு அண்ணாச்சி," என்று இசக்கிப்பாண்டி உரக்கச் சொன்னார். "அடுத்த வாரம் ஒண்ணே முக்கா. அதுக்கடுத்து ஒண்ணரை. யக்கா அளவு சொல்லிக் குடுத்தாவ, வாரத்துக்குக் கால் ஸ்பூன். ஏலக்காயும் அவுகதான் குடுத்தாவ."

"அப்ப... கடைசியிலே?"

"ஒம்பதாவது வாரத்துலேர்ந்து ஒண்ணும் போடல அண்ணாச்சி. ஸ்பூன மட்டும் போட்டு ஆட்டுனேன். சத்தத்துக்கு."

"அன்னிக்கி ஒரு வாய் குடிச்சேனே மாமு," என்று நசீர் கீழிருந்து கத்தினார், "எனக்கு ரெண்டு நாளு பன்னுகூட கசந்துச்சு!"

தெருவே சிரித்தது. நெரிசலில் நின்ற கண்டெய்னர் லாரியின் டிரைவர், விவரம் தெரியாமலே ஹாரன் அடித்தார்.

பொன்னுரங்கம் கம்பியை விட்டு விலகி, தாமும் ஒரு நாற்காலியில் அமர்ந்தார். சற்று நேரம் தம் நாக்கைத் தம் வாய்க்குள்ளேயே புரட்டிப் பார்த்தார். மூன்று மாதமாக அது எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மூணாவது நாளு. கிளாஸ வாயில வெச்சுகினு லாரியப் பாத்தே. மூஞ்சி ஞானி மாதிரி சாந்தமா இருந்துச்சு. வித்தவுட்காரன் மூஞ்சி எப்படி இருக்கும்னு நீதானே முப்பது வருஷமா சொல்லிக்கினு இருந்தே?"

"அப்பவே கேட்டிருக்கலாமே!"

"ஓடுற வண்டியில துரத்தலாமாய்யா? துரத்தியிருந்தா இந்தக் கடைய வுட்டு அடுத்த கடைக்குத் தாவியிருப்பே. எறங்கற எடத்துல நின்னேன். நீயே வந்தே. டிக்கெட்டையும் நீயே நீட்டுனே."

பொன்னுரங்கம் கடைசித் துரும்பைப் பற்றினார். "என்ன வேணா சொல்லு. வூட்டு காப்பியில சக்கரை இல்லேன்னு என் நாக்கு கரெக்டா சொல்லிச்சா இல்லையா? கசந்துச்சே!"

"அதுலதான்யா டெய்லி அரை ஸ்பூன் போட்டேன். தனியா போயிக் கேட்டப்ப, அது ஒண்ணு போடலாம்னு டாக்டரம்மாவே சொன்னாங்க. மூணு மாசமும் நிக்காம நீ குடிச்ச சக்கரை அது ஒண்ணுதான். அதத்தான் வேப்பம்பட்டைன்னே."

இதற்குப் பதில் சொல்வதற்கு ஒரு நாக்கு தேவை. அது பொன்னுரங்கத்திடம் அப்போது இல்லை.

"சரி, ஒண்ணு கேக்கறேன். பாண்டி சக்கரைய நிறுத்துன நாளு எதுன்னு சொல்லு. அதையாச்சும் சொல்லிட்டா வுட்டுடறேன்."

அவர் யோசித்தார். விரல் விட்டு எண்ணினார். ஏலக்காய் வாசனை ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. "தெர்ல."

"எங்கே ஏறுனேன்னு தெரியாதவனுக்கு அபராதம் எங்கேர்ந்து?"

முப்பத்தோரு ஆண்டுப் பழக்கம். வாய் தானாகவே சொல்லிவிட்டது. "வண்டி பொறப்பட்ட எடத்துலேர்ந்து."

"நம்ம வண்டி எங்கே பொறப்பட்டுச்சு?"

"மூலக்கொத்தளம். கல்யாண மண்டபம்."

அந்த முகூர்த்த நாளில் வேறு எந்த மண்டபமும் காலியாக இல்லை. இடுகாட்டுக்குப் பக்கத்தில் என்பதால் அது ஒன்றுதான் கிடைத்தது. அப்போதே சில உறவினர்கள் யோசிக்கச் சொன்னார்கள்.

"அன்னிலேர்ந்து இன்னிக்கி வரைக்கும் காலைக் காப்பி யாரு போட்டது?"

"நீ."

"எத்தினி வருஷம்?"

"முப்பத்தஞ்சு."

"அவ்ளோதான் அபராதம்," என்று எழுந்தார் செங்கொடி. "நாளைக் காலையிலேர்ந்து நீ போடு."

மறுநாள் காலை ஐந்தரை மணிக்குப் பொன்னுரங்கம் சமையலறையில் நின்றார். ஃபில்டரின் மேல் பாத்திரத்தைக் கழற்றும்போது விரல் சுட்டது. பால் ஒருமுறை பொங்கி அடுப்பை அணைத்தது. காப்பித்தூள் டப்பா எதுவென்று தேடியதில் மிளகுத்தூளைத் திறந்து மூன்று முறை தும்மினார். ஒருவழியாக டிகாஷன் இறங்கியது. இரண்டு டம்ளர்களை வரிசையாக வைத்தார். தமக்கு அரை ஸ்பூன் சர்க்கரையை, தலைவிதியை அளப்பதுபோல் அளந்து போட்டார்.

இரண்டாவது டம்ளருக்கு முன் கை நின்றுவிட்டது.

வெல்டருக்கு ஆற்றக்கூடாது என்று அவருக்குத் தெரியும். டிரைவருக்கு ஆடை மிதக்க வேண்டும். நசீருக்கு டிகாஷன் தூக்கல். எதிர்க் கடையில் உட்காரும் அத்தனை நாக்குகளும் அவருக்கு மனப்பாடம். முப்பத்தைந்து ஆண்டுகளாகத் தமக்குக் காப்பி தந்தவர் எப்படிக் குடிப்பார் என்பது மட்டும் தெரியவில்லை. கசப்பு, சூடு, ஆடை என்று தம் டம்ளரைப் பற்றி எத்தனையோ வழக்காடியிருக்கிறார். அடுத்த டம்ளரை ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. இதைச் சற்று வெட்கத்தோடு உணர்ந்தார். வெட்கத்துக்குள்ளே கொஞ்சம் பாசமும் இருந்தது.

குரலைக் கனிவாக்கிக்கொண்டு பால்கனிப் பக்கம் கேட்டார். "செங்கொடி, உனக்கு எப்படிப் போடணும்?"

எதிர்க் கடைவரைக்கும் கேட்கும்படி குரல் வந்தது.

"மாஸ்டர், ஒரு வித்தவுட்!"

பொன்னுரங்கம் சர்க்கரை டப்பாவுக்குள் ஸ்பூனை விட்டார். வெளியே எடுத்தார். உலகத்தார் சொல்லும் வித்தவுட்டா, தாம் சொன்ன வித்தவுட்டா? ஒன்றுமே போடக்கூடாதா, இரண்டு ஸ்பூன் போடவேண்டுமா? மறுபடியும் கேட்பதற்கு மானம் இடம் தரவில்லை. கடைசியில் முதல் விதியை நம்பினார். ஸ்பூனைக் கையில் பிடித்தபடியே கதவோரம் போய், மனைவியின் முகத்தை எட்டிப் பார்த்தார்.

செங்கொடி சாலையில் நின்ற கண்டெய்னர் லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மிகவும் சாந்தமாக இருந்தது.